தாத்தாவின் ஓலை

தாத்தா எழுதிக் கொடுத்த பத்திரம் பேரனைக் கட்டுமா?

இது இன்று நேற்று எழுந்த கேள்வி அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே நம் பக்கத்தில் ஒரு சபை கூடி இதை விசாரித்திருக்கிறது என்று கதை சொல்கிறது.

திருநாவலூரில் பிறந்தவர் சுந்தரர். அவருக்கு அடுத்த ஊரான புத்தூரில் கல்யாணம். பந்தலில் கூட்டம். அந்த நேரம் பார்த்து ஒரு கிழவர் உள்ளே வருகிறார். கையில் ஓலை.

"இந்த மாப்பிள்ளை என் அடிமை. இவனுடைய தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை இதோ!" என்கிறார்.

மாப்பிள்ளைக்குக் கோபம். ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டு விடுகிறார். கிழவர் அசரவில்லை. "நீ கிழித்தது நகல். மூல ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார்.

வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. சபையார் மூன்று விஷயங்களைக் கேட்கிறார்கள். காலங்காலமாக அனுபவித்து வந்த வழக்கம் உண்டா? எழுத்து உண்டா? பார்த்த சாட்சி உண்டா? கிழவர் மூல ஓலையை நீட்டுகிறார். தாத்தா எழுதிய வேறொரு ஓலையைக் காப்பகத்தில் இருந்து கொண்டுவரச் செய்து, இரண்டு கையெழுத்தையும் ஒத்துப் பார்க்கிறார்கள். ஒத்துப் போகிறது. பேரன் தோற்றார்!

வந்த கிழவர் சிவபெருமான் என்பது பெரிய புராணம் சொல்லும் கதை. பக்தர்கள் அதைப் பக்தியோடு படிப்பார்கள். நாம் இங்கே பார்ப்பது அந்த வழக்கு நடந்த முறையை மட்டும். மூலப் பத்திரம், நகல், காப்பகம், கையெழுத்து ஒப்பீடு. இன்றைக்கு ஒரு பேரன் "என் தாத்தாவின் நாட்டு பாஸ்போர்ட் எனக்கும் வேண்டும்" என்று மனுப் போட்டால், கேட்கப்படும் கேள்விகளும் இவைதான்.

தாத்தாவைக் காட்டி பாஸ்போர்ட்

அது எப்படி, தாத்தாவைக் காட்டிப் பாஸ்போர்ட் வாங்க முடியும் என்று கேட்கலாம். முடியும்.

அயர்லாந்து ஒரு சின்ன நாடு. இங்கிலாந்துக்குப் பக்கத்துத் தீவு. பஞ்சத்திலும் வறுமையிலும் அந்நாட்டு மக்கள் லட்சக்கணக்கில் கப்பல் ஏறிப் போனார்கள். அப்படிப் போனவர்களின் பேரப் பிள்ளைகளை அந்நாடு மறக்கவில்லை. தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்தவர் என்று காட்டினால் போதும். வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு என்று ஒரு பதிவேடு அங்கே இருக்கிறது. அதில் பெயர் ஏறியதும் அவர் அந்நாட்டுப் பிரஜை. பிறகு பாஸ்போர்ட் கேட்கலாம். 2016-ம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது என்று இங்கிலாந்து மக்கள் ஓட்டுப் போட்டார்கள் அல்லவா? உடனே அங்கே பலர் பரணில் ஏறிப் பாட்டியின் பிறப்புச் சீட்டைத் தேட ஆரம்பித்தார்கள்!

பேரன் வரைக்கும்தான் அந்தக் கதவு தாராளமாகத் திறக்கும். கொள்ளுப் பேரனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அவன் பிறக்கும் முன்பே அவனுடைய தகப்பனோ தாயோ அந்தப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும்.

நம் நாட்டில் கோவாவில் இதே கதை நடக்கிறது. 1961 டிசம்பர் வரை கோவா போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. அதற்கு முன் அங்கே பிறந்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் தங்கள் குடும்பப் பிறப்பை லிஸ்பன் நகரில் பதிந்து, போர்த்துக்கீசிய பாஸ்போர்ட் வாங்குகிறார்கள்.

கோவா நமக்குத் தூரம். புதுச்சேரி தூரம் இல்லை. திருநாவலூரில் பஸ் ஏறினால் விழுப்புரத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

ஆறு மாதத்தில் ஒரு முடிவு

பழைய தென்னாற்காடு ஜில்லாவின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சுப் புதுச்சேரி ஒரே துண்டாக இருந்தது இல்லை. கிழிந்த துணியைப் போலத் துண்டு துண்டாக, நடுநடுவே ஆங்கிலேயர் ஊர்களோடு கலந்து கிடந்தது. ஒரு வாய்க்காலைத் தாண்டினால் பிரெஞ்சு சர்க்கார். இன்னொரு வாய்க்காலைத் தாண்டினால் மறுபடி வெள்ளைக்கார சர்க்கார். இரண்டு பக்கமும் ஒரே தமிழ். ஒரே உறவு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லையைக் கேட்டு நடக்கவில்லை.

1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் ஓட்டெடுப்பு நடந்தது. மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். இந்தியாவுடன் சேர 170 பேர் ஓட்டளித்தார்கள். எட்டுப் பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.

ஆனால் சட்டப்படி எழுதிக் கொடுத்தது அன்றைக்கு அல்ல. உடன்படிக்கை 1956 மே 28-ந் தேதி கையெழுத்தானது. பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதை ஏற்க ஆறு ஆண்டுகள் இழுத்தடித்தது. அல்ஜீரியாச் சண்டை முடிந்த பிறகே அங்கே அதற்கு வழி பிறந்தது. 1962 ஆகஸ்ட் 16-ந் தேதி உடன்படிக்கை அமலுக்கு வந்தது.

அந்தத் தேதியை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் தலையெழுத்து அந்தத் தேதியில் இருக்கிறது.

உடன்படிக்கை சொன்னது இதுதான்: பிரெஞ்சுப் பகுதியில் பிறந்து, அங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுப் பிரஜைகள் இனி இந்தியப் பிரஜைகள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கல்யாணம் ஆகாத, பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளுக்குத் தகப்பன் எழுதிக் கொடுத்ததே முடிவு.

ஐயாயிரம் பேர் அளவில் எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் எழுதவில்லை. சிலர் சுதந்திர உணர்வால் எழுதவில்லை. இந்தியா நம் நாடு, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தார்கள். அவர்களை நாம் வணங்குகிறோம். வேறு சிலருக்கு விஷயமே எட்டவில்லை. ஏரோட்டியும் நெசவு நெய்தும் பிழைத்தவர்களுக்கு உடன்படிக்கையின் ஷரத்துகளை யார் படித்துக் காட்டினார்கள்? எழுத்தறியாத தகப்பன் போடாமல் விட்ட ஒரு கைநாட்டு, மகனின் நாட்டைத் தீர்மானித்தது.

தலைப்பிரசவம் செய்த வேலை

இங்கேதான் ஒரு வேடிக்கை. வேடிக்கை என்று சொல்வதா, விதி என்று சொல்வதா?

உடன்படிக்கை பிரெஞ்சுப் பகுதியில் "பிறந்தவர்"களைப் பற்றித்தான் இப்படிச் சொன்னது. பிரெஞ்சுப் பிரஜைக்குப் பிள்ளையாகப் பிறந்தும், பிரெஞ்சுப் பகுதிக்கு வெளியே பிறந்தவர்களை அது தொடவில்லை. அவர்களின் பிரெஞ்சுக் குடியுரிமை, எழுதிக் கொடுக்காமலே, அப்படியே இருந்தது.

யார் வெளியே பிறந்தார்கள்? சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் வேலை பார்த்த தமிழர்களின் பிள்ளைகள் அங்கே பிறந்தார்கள். அது போகட்டும். நம் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். தலைப்பிரசவம் எங்கே? தாய் வீட்டில்!

ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு வைத்துக் கொள்வோம். மாப்பிள்ளை பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த வில்லியனூர். பெண் ஆங்கிலேயர் எல்லைக்குள் இருந்த திருநாவலூர். 1930-ல் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் திருநாவலூருக்கு அழைத்து வந்தார்கள். ஆண் பிள்ளை பிறந்தது. மூன்று மாதம் கழித்துத் தாயும் பிள்ளையும் வில்லியனூர் போனார்கள். 1933-ல் இரண்டாவது பிள்ளை. அது வில்லியனூரிலேயே பிறந்தது.

1962-ல் என்ன ஆனது? வீட்டில் யாரும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. தம்பி இந்தியப் பிரஜை ஆனார். அண்ணனோ, பிரெஞ்சுச் சட்டத்தின் கண்ணில், பிரெஞ்சுப் பிரஜையாகவே இருந்தார். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே வீடு, ஒரே பானைச் சோறு. அம்மா பிரசவத்துக்குத் தாய் வீடு போனாள் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது!

அண்ணன் தன் நிலையை அறிந்திருப்பாரா? பெரும்பாலும் இராது. அறிந்திருந்தால்தான் என்ன? திருநாவலூரில் பிறந்தார் என்பதற்குச் சீட்டு வேண்டும். அந்த நாளில் ஊரில் நடந்த பிறப்பையும் இறப்பையும் எழுதி வைத்தவர் கிராம முன்சீப். அவர் எழுதினாரா, குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன் எழுதினாரா, பின் எழுதினாரா, அந்தப் புத்தகம் தாலுகா ஆபீசில் கரையானுக்குத் தப்பியதா என்பதெல்லாம் அவரவர் அதிர்ஷ்டம். கிராம முன்சீப் வேலையே 1980-ல் ஒழிக்கப்பட்டு விட்டது.

அயர்லாந்திலும் இந்தத் துன்பம் உண்டு. அங்கே பிறப்புகளைச் சர்க்கார் பதியத் தொடங்கியது 1864-ல்தான். 1922-ல் டப்ளின் நகரில் உள்நாட்டுச் சண்டையின்போது ஆவணக் காப்பகமே எரிந்து சாம்பலானது. பழைய ஜனத்தொகைக் கணக்குகளும் தேவாலயப் பதிவேடுகளும் போயின. தாத்தா இருந்தார், தாத்தா இருந்தார் என்பதற்கு எழுத்து இல்லை.

பெயரில் வரும் வம்பு

சீட்டு கிடைத்தாலும் அதோடு தீராது. பெயர் ஒத்துப் போக வேண்டும்.

முருகேசன் என்ற பெயரை எடுத்துக் கொள்ளுங்கள். "மு" என்ற ஒலியை எழுத ஆங்கிலேயனுக்கு இரண்டு எழுத்துப் போதும். பிரெஞ்சுக்காரனுக்கு மூன்று எழுத்து வேண்டும். அடுத்த "ரு"வுக்கும் அப்படியே. ஆகவே புதுச்சேரிச் சீட்டில் ஒரு முருகேசன், விழுப்புரம் சீட்டில் வேறொரு முருகேசன். பாரிசில் உட்கார்ந்து படிக்கும் குமாஸ்தாவுக்கு இவர்கள் இரண்டு ஆட்கள்!

குடும்பப் பெயர் என்ற சங்கடமும் உண்டு. நமக்கு இனிஷியல்தான். தகப்பன் பெயரின் முதல் எழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். பிரெஞ்சு முறையில் ஒரே குடும்பப் பெயர் வழிவழியாக வரும். 1881 செப்டம்பர் 21-ந் தேதி பிரெஞ்சு சர்க்கார் ஒரு உத்தரவு போட்டது. சாதி வழக்கங்களை விட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம்; அவர்கள் ஒரு குடும்பப் பெயரும் வைத்துக் கொள்ள வேண்டும் என்றது. அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்களுக்குப் பெயர் வரிசை ஒழுங்காக இருக்கிறது. அவர்களில் முன்னோடி வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-ல் பூட்ஸ் அணிந்து கோர்ட்டுக்குப் போனதற்காகத் தடுக்கப்பட்டவர் அவர். விடாமல் வழக்காடினார். பின்னாளில் "லாபோர்த்" என்ற பெயரைச் சூடிக்கொண்டார். பிரெஞ்சு மொழியில் அதற்குக் "கதவு" என்று பொருள். பெயர் வைக்கத் தெரிந்த மனிதர்!

மற்றக் குடும்பங்களுக்குப் பெயர் வரிசை கிடையாது. தாத்தா, தகப்பன், மகன் என்று ஒவ்வொருவருக்கும் பிறப்புச் சீட்டும் திருமணச் சீட்டும் வைத்து, ஒருவர் மற்றவருக்குப் பிள்ளை என்று சங்கிலிபோலக் காட்ட வேண்டும். ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலியே போயிற்று. அறுந்த கண்ணியை இப்போது செய்து ஒட்ட முடியாது. பிள்ளை மைனராக இருந்தபோதே உறவு நிலைநாட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம்.

மூடிய கதவும் தரகர்களும்

இனி நாம் சொல்லப் போவது பலருக்குக் கசக்கும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

பிரெஞ்சுச் சிவில் சட்டத்தில் 30-3 என்று ஒரு விதி இருக்கிறது. ஒரு குடும்பம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டிலேயே குடியிருக்கிறது. மனுதாரரும் சரி, அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்த தகப்பன் அல்லது தாயும் சரி, பிரெஞ்சுப் பிரஜையாக நடந்துகொண்டதே இல்லை. பிரெஞ்சு பாஸ்போர்ட் இல்லை, தூதரகத்தில் பதிவு இல்லை, பிரெஞ்சுத் தேர்தலில் ஓட்டுப் போட்டது இல்லை. அப்படியானால், "நான் வம்சாவளியால் பிரெஞ்சுப் பிரஜை" என்று நிரூபிக்க அவருக்கு இனி அனுமதியே கிடையாது. வெண்ணெய்நல்லூர் சபையார் கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறதா? அனுபவித்து வந்தாயா என்றார்கள். பாரிஸ் கோர்ட்டும் அதைத்தான் கேட்கிறது.

1962-ல் இருந்து எண்ணினால் ஐம்பது ஆண்டுகள் 2012-ல் முடிந்தன. புதுச்சேரிக் குடும்பங்களின் வழக்குகள் பல, பாரிஸ் நீதிமன்றங்களில் இந்த விதியில் மோதி விழுந்திருக்கின்றன. மேலே உதாரணத்துக்குச் சொன்ன திருநாவலூர் அண்ணனின் பேரன் இன்று மனுப் போட்டாலும் இதுதான் கதி. உரிமை இருந்தது. உறங்கிற்று. காலாவதி ஆயிற்று.

உறங்காமல் வைத்திருந்த குடும்பங்களுக்கு இன்றும் தடை இல்லை. புதுச்சேரியில் "சொல்தா" வீடு என்று சொல்வார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் வீடு. அங்கே பிள்ளை பிறந்ததும் தூதரகத்தில் பதிவார்கள். புதுச்சேரி, காரைக்கால், சென்னை ஆகிய இடங்களில் பிரெஞ்சு வாக்காளர்கள் நாலாயிரத்துக்கும் மேல் உண்டு. 2022-ல் பாரிசில் ஜனாதிபதி யார் என்று தீர்மானிக்க இங்கே வாக்குச் சாவடி வைத்தார்கள்!

இந்த வித்தியாசம் தெரியாதவர்களைத்தான் தரகர்கள் சுற்றி வருகிறார்கள். "உன் பாட்டி புதுச்சேரியா? கவலையை விடு. எல்லாம் நான் பார்த்துக் கொள்கிறேன்" என்பார்கள். முதலில் பணம். பிறகு மறுபடி பணம். கண்ணி அறுந்த இடத்தில் போலிச் சீட்டைச் செருகுவார்கள். இன்னொரு வழியும் சொல்வார்கள்: பிரெஞ்சுப் பிரஜை ஒருவரைப் பேருக்குக் கல்யாணம் செய்துகொள்! ஏமாறுவது யார்? நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டியவன். அகப்பட்டால் சிறைக்குப் போவதும் அவனே. தரகன் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

வெளிநாட்டில் பிறந்து வெளிநாட்டில் வசிப்பவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமைச் சான்று தருவது பாரிஸ் நீதிமன்றம். தரகரோ, ஏஜெண்டோ, புதுச்சேரியில் யாரோ ஒருவருக்குத் தெரிந்தவரோ அதைத் தர முடியாது. இதை அறிந்த குடும்பத்துக்குப் பாதிப் பணம் மிச்சம்.

எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம்?

உண்மையான உரிமையும் ஒழுங்கான தஸ்தாவேஜுகளும் இருக்கிறவர்கள் கேட்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தாத்தா உழைத்த நாட்டில் பேரன் பங்கு கேட்பது துரோகம் அல்ல என்றே நாம் கருதுகிறோம். ஆனால் கையை நீட்டும் முன் இன்னொரு கையில் இருப்பதையும் பார்க்க வேண்டும்.

இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பது இல்லை. 1955-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். வேறு நாட்டு பாஸ்போர்ட் வாங்கியதே அதற்குப் போதிய ருசு. பழைய இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டு நேரத்துக்கு ஒன்றாக எடுப்பது குற்றம்.

அப்படிப் போனவர்களுக்கு இந்தியா தருவது "வெளிநாட்டு இந்தியக் குடிமகன்" அட்டை. வழக்கில் ஓ.சி.ஐ. அட்டை. இதுவும் தாத்தா கணக்குத்தான். பிள்ளை, பேரன், கொள்ளுப் பேரன் வரை கிடைக்கும். 1947-க்குப் பிறகு இந்தியாவில் சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களுக்கும் உண்டு. ஆகவே புதுச்சேரிக்காரர்களுக்குத் தடை இல்லை. விசா இல்லாமல் வரலாம், போகலாம். ஆனால் ஓட்டு இல்லை. சர்க்கார் உத்தியோகம் இல்லை. விவசாய நிலம் வாங்க முடியாது. சொத்தாக வந்த நிலத்தை வைத்துக் கொள்ளலாம். பக்கத்துக் கொல்லை விலைக்கு வந்தால் வாங்க முடியாது. உளுந்தூர்பேட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்கு இதன் அர்த்தம் நன்றாகவே விளங்கும்.

சீட்டு இல்லாதவன் கதி

பாஸ்போர்ட் ஆசை சிலருக்கு. ஆனால் தாத்தாவின் சீட்டு இல்லாததால் நாடே இல்லாமல் போனவர்களும் நம்மவர்களே.

இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போன தமிழர்களைச் சொல்கிறோம். 1948-ல் இலங்கை சர்க்கார் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. தகப்பனும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்டு. இல்லாவிட்டால் தாத்தாவும் கொள்ளுத் தாத்தாவும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது. லயத்தில் பிறந்தவனிடம் கொள்ளுத் தாத்தாவின் சீட்டுக்கு எங்கே போவது? லட்சக்கணக்கானவர்கள் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள்.

1964 அக்டோபர் 30-ந் தேதி லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 லட்சம் பேர் இலங்கைக்கு. 1½ லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள். மனிதர்களை மூட்டை எண்ணுவதுபோல எண்ணினார்கள். இலங்கையிலேயே தங்கிவிட்டவர்களுக்கு விடிவு 2003-ம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது.

டிரங்குப் பெட்டியைத் திறவுங்கள்

வெளிநாடு போகிறோமோ இல்லையோ, இந்த வாரம் ஒரு காரியம் செய்யலாம். வீட்டில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். பழைய பிறப்புச் சீட்டு, கல்யாணப் பதிவு, ராணுவப் புத்தகம், கப்பல் டிக்கெட், பள்ளிச் சான்றிதழ் எதுவானாலும் தூக்கி எறிய வேண்டாம். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் எந்த ஊரில், எந்த ஆண்டு பிறந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

பிரெஞ்சு இந்தியாவின் பழைய பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை இணையத்தில் காசு கொடுக்காமலே பார்க்கலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் பாட்டிக்குத் தேடிக் கொடுக்கட்டும்.

இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு 21 நாட்களுக்குள் பிறப்பைத் தெரிவித்தால் கட்டணம் இல்லை. ஓராண்டு தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை அலைய வேண்டும். 2023 அக்டோபர் 1-ந் தேதி முதல் பிறந்த குழந்தைகளுக்கு, இந்திய பாஸ்போர்ட் வாங்கும்போது பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே அத்தாட்சி. பள்ளிச் சான்றிதழைக் காட்டிச் சமாளிக்க முடியாது. சான்றிதழில் குழந்தையின் பெயர், தாய் பெயர், தகப்பன் பெயர் மூன்றும் ஆதார் அட்டையில் உள்ள எழுத்துப்படியே இருக்கின்றனவா என்று, ஆபீசை விட்டு வெளியே வரும் முன் அங்கேயே நின்று ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.